ஹீட்டரால் குளிரும் கணினி

"மெட்ராஸ்ல எதுக்குத் தம்பி ஹீட்டரு?"

புதுப்பேட்டையில் பழைய கார் பாகங்கள் விற்கும் கடையில் ஹீட்டர் கோர் இருக்கிறதா என்று விசாரித்தபோது கடைக்கார அண்ணன் கேட்டது இது. கம்ப்யூட்டரைக் குளிர்விக்க என்றேன். என்னை ஒரு முறை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, உள்ளே போய், ஏதோ ஒரு பழைய காரின் டாஷ்போர்டுக்கு அடியிலிருந்து கழற்றிய ஒன்றைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தார். ஒரு தடிமனான புத்தகத்தின் அளவு. நுணுக்கமான தகடுகள், நடுவே தட்டையான குழாய்கள், ஓரத்தில் தண்ணீர் போக ஒரு மூக்கு, வர ஒரு மூக்கு.

அவர் கேட்டதில் நியாயம் இருக்கிறது. சூடு தரச் செய்த பொருள் எப்படிக் குளிரவைக்கும்? ஆனால் பழைய டிரைவர்களுக்கு இதற்குப் பதில் தெரியும். மலைப்பாதையில் வண்டி ஏறும்போது எஞ்சின் கொதிக்கத் தொடங்கினால், ஏ.சி.யை அணைத்துவிட்டு ஹீட்டரை முழுசாகத் திறந்துவிடுவார்கள். உள்ளே இருப்பவர்களுக்கு வேர்த்துக் கொட்டும், எஞ்சின் முள் மெல்ல இறங்கும். எஞ்சினைச் சுற்றிவந்த 80, 90 டிகிரி சூட்டுத் தண்ணீர் ஹீட்டர் கோருக்குள் ஓடுகிறது. அதன் தகடுகள் வழியாகக் காற்று ஊதப்படுகிறது. தண்ணீர் சூட்டை இழக்கிறது, காற்று அதை வாங்கிக்கொள்கிறது. பயணியின் பக்கமிருந்து பார்த்தால் அது ஹீட்டர், தண்ணீரின் பக்கமிருந்து பார்த்தால் கூலர். எஞ்சின் இருந்த இடத்தில் கணினியின் மூளையான பிராசஸரை வைத்தால் வேலை முடிந்தது.

இதை முதலில் யோசித்தவன் நான் இல்லை. 2000-களின் தொடக்கத்தில், பிராசஸரை அதன் அளவுக்கு மீறி வேகமாக ஓட்டிப் பார்க்கும் ஆர்வலர்கள் அமெரிக்காவில் கார் பாகக் கடைகளைத்தான் முதலில் தேடிப் போனார்கள். 1977-ஆம் ஆண்டு பான்டியாக் பானவில் காரின் ஹீட்டர் கோர் அவர்களிடையே பிரபலம். கணினி விசிறிகளைப் பொருத்த அதன் அளவு தோதாக இருந்தது. பான்டியாக், ஜெனரல் மோட்டார்ஸ் தயாரித்த கார். 2004-இல் ஆப்பிள் தன் பவர் மேக் ஜி5 கணினிக்குத் தண்ணீர்க் குளிர்விப்பு கொடுத்தபோது அதைச் செய்து தந்தது டெல்ஃபி. அதுவும் 1999 வரை ஜெனரல் மோட்டார்ஸின் பாகங்கள் பிரிவாக இருந்த நிறுவனம்தான். பழைய சாமான் கடையில் துழாவியவர்களும் கலிஃபோர்னியாவின் பெரிய நிறுவனமும் கடைசியில் ஒரே குடும்பத்தின் கதவைத்தான் தட்டியிருக்கிறார்கள்.

சரி, விசிறி இருக்கும்போது தண்ணீர் எதற்கு?

துணி தேய்க்கும் இஸ்திரிப் பெட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். 1000 வாட், அடித்தகடு சுமார் 200 சதுர சென்டிமீட்டர். ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 5 வாட் வருகிறது. இன்டெல் ஐ9 13900கே பிராசஸரை முழு வேகத்தில் ஓடவிட்டால் 253 வாட் வரை இழுக்கும். உள்ளே இருக்கும் சிலிக்கான் சில்லின் பரப்போ இரண்டரை சதுர சென்டிமீட்டருக்குச் சற்று அதிகம், அவ்வளவுதான். அதாவது சதுர சென்டிமீட்டருக்கு ஏறக்குறைய 100 வாட். இஸ்திரிப் பெட்டியைப் போல இருபது மடங்கு நெருக்கமான சூடு, விரல்நுனி அளவு இடத்தில்.

இதில் சிக்கல் சூட்டின் மொத்த அளவு இல்லை. 253 வாட் என்பது மூன்று நான்கு சீலிங் ஃபேன்கள் இழுக்கும் மின்சாரம்தான். அது ஒரே புள்ளியில் குவிந்திருப்பதுதான் சிக்கல். அந்தச் சின்ன இடத்திலிருந்து சூட்டை அள்ளிக்கொண்டு போய், நிறைய இடம் இருக்கும் வேறொரு பக்கத்தில் பரப்ப வேண்டும். அள்ளிப் போவதில் தண்ணீருக்கு இணை கிடையாது. ஒரு லிட்டர் காற்றை ஒரு டிகிரி சூடாக்க 1.2 ஜூல் போதும். ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஏறத்தாழ 4,180 ஜூல் வேண்டும். ஒரே கொள்ளளவில் தண்ணீர் சுமக்கும் சூடு காற்றைவிடச் சுமார் 3,500 மடங்கு. பெரிய காற்றுக்குழாய் செய்ய வேண்டிய வேலையை விரல் தடிமன் ஹோஸ் ஒன்று செய்துவிடும்.

இதில் என்னை முதலில் குழப்பிய கணக்கு ஒன்று உண்டு. 150 வாட் தரும் பிராசஸர், நிமிடத்துக்கு 4 லிட்டர் ஓட்டும் பம்ப் என்று வைத்துக்கொள்வோம். பிராசஸரைத் தொட்டுவிட்டு வெளியே வரும் தண்ணீர், உள்ளே போனதைவிட எவ்வளவு சூடாக இருக்கும்? பத்து டிகிரி, இருபது டிகிரி என்று தோன்றும். போட்டுப் பார்த்தால் அரை டிகிரிதான். ரேடியேட்டருக்குள், அதாவது நம் ஹீட்டர் கோருக்குள், போகும் ஹோஸையும் வெளியே வரும் ஹோஸையும் தொட்டுப் பார்த்தால் இரண்டும் ஒரே சூடு. ரேடியேட்டர் வேலையே செய்யவில்லை என்று பலர் அங்கேதான் முடிவு கட்டுகிறார்கள். தண்ணீர் மெதுவாக ஓடினால் ஆற நேரம் கிடைக்கும் என்று பம்பின் வேகத்தையும் குறைத்துவிடுகிறார்கள். இது தவறு. மெதுவாக ஓடும் தண்ணீர் ரேடியேட்டரில் தங்குவதைப் போலவே பிராசஸர் மேலும் அதிக நேரம் தங்கி, அதிகமாகச் சூடேறும். ஆதாயம் ஏதுமில்லை, நஷ்டம் உண்டு. அந்த நஷ்டம் என்ன என்று பிறகு சொல்கிறேன்.

உண்மையான இடுக்கு தண்ணீரில் இல்லை, காற்றில் இருக்கிறது. 120 மில்லிமீட்டர் விசிறி ஒன்று ஹீட்டர் கோர் வழியாக மணிக்கு 60 கன மீட்டர் காற்றைத் தள்ளுகிறது என்றால், 150 வாட்டை வாங்கிக்கொண்டு அந்தக் காற்று கிட்டத்தட்ட 8 டிகிரி சூடேறி வெளியேறும். ஆகவே தண்ணீர் அறையைவிடக் குறைந்தது 8 டிகிரியாவது சூடாக இருந்தே தீரும். அதற்குக் கீழே போனால் காற்றுக்குக் கொடுக்க அதனிடம் சூடு இல்லை. விசிறியை இரண்டாக்கினால் அந்த இடைவெளி பாதியாகும். எவ்வளவு நல்ல ரேடியேட்டர் வாங்கினாலும் தண்ணீர் அறையின் வெப்பநிலைக்குக் கீழே போகாது. மே மாதச் சென்னையில் அறையே 34 டிகிரி என்றால் தண்ணீர் 40-ஐத் தாண்டித்தான் நிற்கும். அதனால் ஒரு நன்மையும் உண்டு: குழாய்மேல் பனி வேர்த்து மதர்போர்டில் சொட்டும் பயம் இதில் கிடையாது.

அப்படியானால் ஹீட்டர் கோர் போதுமா என்று கேட்டால், தாராளமாகப் போதும். காரில் தண்ணீருக்கும் காற்றுக்கும் எழுபது டிகிரி வித்தியாசம் இருக்கும்போது அது சில ஆயிரம் வாட் சூட்டை வெளியே தள்ளும். நம் கணினியில் கிடைப்பது பத்து டிகிரி வித்தியாசம். காற்று ஒரே அளவில் ஓடினால், வித்தியாசம் ஏழில் ஒரு பங்காகும்போது தள்ளும் சூடும் ஏழில் ஒரு பங்காகும். அப்போதும் சில நூறு வாட் மிச்சம். காரின் புளோயர் அளவுக்குக் கணினி விசிறி ஊதாது, கொஞ்சம் குறையும். ஆனாலும் ஒரு பிராசஸருக்கு அது இடம்கொடுக்கும்.

கோரை வாங்கும்போது விலையைவிட முக்கியமாகப் பார்க்க வேண்டியது உலோகம். பழைய கார்களில் செம்பும் பித்தளையும் சேர்த்து ஈயம் வைத்துப் பற்றியிருப்பார்கள். புதிய கார்களில் பெரும்பாலும் அலுமினியம், ஓரத் தொட்டிகள் பிளாஸ்டிக்கில் இருக்கும். கையில் எடுத்தாலே எடை சொல்லிவிடும், செம்பு அலுமினியத்தைப் போல மூன்று மடங்குக்கு மேல் கனம். சந்தேகமாக இருந்தால் மறைவான இடத்தில் சுரண்டுங்கள். சிவப்போ மஞ்சளோ தெரிந்தால் எடுத்துக்கொள்ளலாம்.

ஏன் இவ்வளவு கவனம்? பிராசஸர் மேல் உட்கார்ந்து அதன் சூட்டைத் தண்ணீருக்குக் கடத்தும் பிளாக் செம்பில் இருக்கும். ஒரே தண்ணீரில் செம்பும் அலுமினியமும் சேர்ந்தால், பள்ளிக்கூட ஆய்வகத்தில் செய்த மின்கலம் மாதிரிதான். அலுமினியம் தன் எலக்ட்ரான்களைக் கொடுத்துவிட்டு மெல்ல மெல்லக் கரையும். வெள்ளைப் பொடி கிளம்பி பிளாக்கின் நுண்ணிய வரிகளை அடைக்கும், கடைசியில் ரேடியேட்டர் ஓட்டையாகும். காரிலும் இரும்பு, அலுமினியம், பித்தளை எல்லாம் ஒரே தண்ணீரில்தான் நனைகின்றன. அங்கே அவற்றைக் காப்பது கூலன்டில் கலந்திருக்கும் அரிப்புத் தடுப்பான்கள். அதனால் நான் பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டரில் கொஞ்சம் கார் கூலன்ட் கலக்கிறேன். நிறையக் கலக்கக் கூடாது, கூலன்டில் இருக்கும் எத்திலீன் கிளைகால் கூடக் கூடத் தண்ணீரின் சூடு சுமக்கும் திறன் குறையும். வீட்டில் குழந்தையோ நாயோ பூனையோ இருந்தால் இதை எட்டாத உயரத்தில் வையுங்கள். கிளைகால் இனிக்கும், ஆனால் கொடிய விஷம்.

சென்னைக் கார்களில் ஹீட்டரை யாரும் போடுவதில்லை, ஆகவே கோர் புதிதாகவே இருக்கும் என்று நினைத்துத்தான் போனேன். வெளித் தகடுகள் உண்மையிலேயே பளிச்சென்று இருந்தன. உள்ளே ஊதியபோது செம்மண் நிறத்தில் சேறு வந்தது. எஞ்சினின் துரு வருஷக்கணக்கில் அங்கே போய்ப் படிந்திருக்கிறது. வினிகர் கலந்த வெந்நீரை நிரப்பிச் சில மணி நேரம் ஊறவிட்டு, தெளிவான தண்ணீர் வரும்வரை அலசினேன். பித்தளைக்கு இது சரி, அலுமினியத்துக்கு ஆகாது. அப்புறம் ஒரு மூக்கை அடைத்து, இன்னொன்றில் சைக்கிள் பம்பால் காற்றடித்து, பஞ்சர் கடையில் செய்வதுபோல வாளித் தண்ணீரில் முக்கிப் பார்த்தேன். குமிழி வரவில்லை.

பம்புக்கு நிறையப் பேர் முதலில் கண்ணாடி கழுவும் வாஷர் பம்பை எடுக்கிறார்கள், 12 வோல்ட், விலையும் குறைவு. வேண்டாம். அது சில விநாடி ஓடி நிற்பதற்காகச் செய்தது, விடாமல் ஓட்டினால் கருகிவிடும். எஞ்சினின் முக்கிய வாட்டர் பம்ப் பெல்ட்டில் சுற்றுவது, அதுவும் உதவாது. தேட வேண்டியது சில டர்போ கார்களிலும் ஹைபிரிட் கார்களிலும் இருக்கும் துணை கூலன்ட் பம்ப். 12 வோல்ட் மின்சாரத்தில் மணிக்கணக்கில் ஓடுவதற்கென்றே செய்தது. கணினிக்கு மின்சாரம் தரும் பெட்டியான எஸ்.எம்.பி.எஸ்.ஸில் மஞ்சள் வயரில் வருவதும் அதே 12 வோல்ட். தண்ணீரை மேலே ஏற்ற பம்புக்குப் பலம் வேண்டுமே என்று கவலைப்பட வேண்டாம். மூடிய சுற்றில் ஏறும் தண்ணீரின் எடையை இறங்கும் தண்ணீர் ஈடுகட்டிவிடும், பம்ப் உராய்வை மட்டும் வென்றால் போதும். காரில் சூட்டைப் பார்த்துத் தண்ணீருக்கு வழிவிடும் தெர்மோஸ்டாட்டைச் சேர்க்கவே கூடாது. 80 டிகிரிக்கு மேல்தான் அது திறக்கும், நம் தண்ணீர் அந்தப் பக்கமே போகாது.

காரில் கிடைக்காத ஒரே பாகம் பிராசஸர் மேல் உட்காரும் வாட்டர் பிளாக். தடித்த செம்புத் தகட்டில் பட்டறையில் வரி வெட்டி நானே ஒன்று செய்தேன், ஓடியது. இருந்தாலும் இதை மட்டும் காசு கொடுத்து வாங்குங்கள் என்றுதான் சொல்வேன். செம்பு சூட்டைக் கடத்துவதில் தண்ணீரைவிட அறுநூறு மடங்குக்கு மேல் வல்லது. செம்பை ஒட்டி ஓடும் மெல்லிய நீர்ப்படலம் கிட்டத்தட்ட நகராமல் அங்கேயே ஒட்டிக்கொள்ளும், அதுவே கம்பளிபோல மறைக்கும். தண்ணீர் வேகமாக, சுழித்துக்கொண்டு ஓடினால் அந்தப் படலம் மெலியும். பம்பை மெதுவாக்கினால் வரும் நஷ்டம் இதுதான். கடையில் விற்கும் பிளாக்குகளில் வரிகள் அரை மில்லிமீட்டருக்கும் குறைந்த அகலத்தில் இருக்கும். தண்ணீர் தொடும் பரப்பு பல மடங்காகிறது. நம்மூர்ப் பட்டறையில் அவ்வளவு நுணுக்கமாக வெட்டுவது கஷ்டம்.

மற்றதெல்லாம் பொறுமை கேட்கும் வேலை. ஹீட்டர் ஹோஸ் 16 மில்லிமீட்டர், பிளாக்கின் மூக்கு 10 மில்லிமீட்டர் என்றால் நடுவே பித்தளை ரெடியூசர் வேண்டும். காரின் கறுப்பு ரப்பர் ஹோஸ் பார்க்க அழகில்லை, ஆனால் வெளிச்சம் உள்ளே போகாததால் பாசி பிடிக்காது. கூலன்ட் பாட்டிலைச் சுற்றின் உச்சியில், பம்புக்குச் சற்று முன்னால் வைத்தால் காற்றுக்குமிழிகள் அங்கே போய் ஒதுங்கும். விசிறியைக் கோரின்மேல் ஒட்டி வைக்காதீர்கள். நடுவிலிருக்கும் மோட்டாருக்கு நேரே காற்றே போகாது. மூன்று நான்கு சென்டிமீட்டர் தள்ளி ஒரு பெட்டிபோலக் கட்டி, ஓரங்களை டேப்பால் அடைத்துவிட்டால் கோர் முழுவதும் காற்று பரவும்.

கணினியை ஓட்டுவதற்கு முன் பம்பை மட்டும் ஒரு நாள் முழுக்க ஓடவிடுங்கள். எஸ்.எம்.பி.எஸ்.ஸின் பிளக்கை மதர்போர்டிலிருந்து கழற்றி, அதில் பச்சை வயர் துளையையும் ஒரு கறுப்பு வயர் துளையையும் சின்னக் கம்பியால் இணைத்தால் அது தனியாக ஓடும். ஒவ்வொரு மூட்டுக்கும் கீழே டிஷ்யூ காகிதம் விரித்து வைக்க வேண்டும். எனக்கு ஆறு மணி நேரம் கழித்து ரெடியூசருக்கு அடியில் காகிதம் நனைந்தது. ஹோஸ் கிளிப்பை இன்னும் இரண்டு சுற்று முறுக்கினேன், நின்றுவிட்டது. டிஸ்டில்டு வாட்டர் மின்சாரம் கடத்தாது என்ற தைரியத்தில் இந்தச் சோதனையை விட்டுவிடாதீர்கள். உலோகங்களைத் தொட்டு, கூலன்டும் கலந்தபிறகு அது சுத்தத் தண்ணீர் இல்லை.

இப்போது என் ஹீட்டர் கோர் மேசைக்கடியில் இருக்கிறது. அதை பால்கனியில் வைத்து, ஹோஸை மட்டும் சுவரைத் துளைத்து உள்ளே கொண்டுவரலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன். 150 வாட் கணினி நான்கு மணி நேரம் ஓடினால் அறைக்குள் 0.6 யூனிட் சூடு சேர்கிறது, ஏ.சி. அதை மறுபடி வெளியே தள்ள வேண்டியிருக்கிறது. கோர் வெளியே இருந்தால் அந்த வேலை மிச்சம். ஆனால் மே மாத மத்தியானம் பால்கனி 40 டிகிரி, ஏ.சி. அறை 26. பிராசஸருக்கு அறைதான் நல்லது, கரன்ட் பில்லுக்குப் பால்கனி. டிசம்பரில் ஒரு வாரம் வெளியே வைத்துப் பார்க்கப்போகிறேன்.