பிரெட்சலைச் சாப்பிடலாம், அதை முக்குகிற தண்ணீரைத்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்

ஜெர்மனியில் ஸ்டுட்கார்ட் பக்கம் ஒரு பேக்கரியில் பதினோரு வருடமாக மாவு பிசைகிறேன். பிரெட்சல் என்றால் கயிறு மாதிரி உருட்டிய மாவை முறுக்கிப் பின்னி, மேலே பழுப்பாகச் சுடுகிற ஜெர்மன் ரொட்டி. ஊரிலிருந்து யார் பேசினாலும் கடைசியில் இந்தக் கேள்விக்கு வந்துவிடுவார்கள்: "அண்ணே, வீட்டில பிரெட்சல் செஞ்சா அந்த நிறமே வரமாட்டேங்குது, பன்னு மாதிரி வெளுத்துப் போயிருக்கு, என்ன பண்றது?" முன்பெல்லாம் யோசிக்காமல் "காஸ்டிக் சோடாத் தண்ணியில முக்கி எடு" என்று சொல்லிவிடுவேன். காஸ்டிக் சோடா என்பது சோடியம் ஹைட்ராக்சைடு, தோலையே அரிக்கிற கடுமையான காரம் (அமிலத்துக்கு எதிரானது, மிளகாய்க் காரமில்லை). இப்போது அப்படிச் சொல்வதில்லை.

காரணம் என் சித்தப்பா. நான் சொன்னதைக் கேட்டு அவர் மகன் சுட்டான், நிறமும் அருமையாக வந்தது. மிச்சமிருந்த கரைசலை வீணாக்க மனமில்லாமல் காலி தண்ணீர் பாட்டிலில் ஊற்றி மேடையில் வைத்துவிட்டான். ராத்திரி தாகத்துக்கு எழுந்தவர் அதை எடுத்து வாயில் வைத்துவிட்டார். நாக்கில் வழவழவென்று பட்டதும் துப்பியதால் தப்பித்தார், ஆனாலும் வாயெல்லாம் வெந்து பத்து நாள் ஆறிய கஞ்சிதான். உள்ளே இறங்கியிருந்தால் உணவுக்குழாயே புண்ணாகியிருக்கும்.

சுட்ட பிரெட்சலைத் தின்பதில் பயமில்லை. மேலே ஒட்டியிருக்கும் காரம் அடுப்புச் சூட்டில் கரியமில வாயுவோடு சேர்ந்து கார்பனேட்டாகிவிடும். சுடுவதற்கு முன்னால்தான் அத்தனை ஆபத்தும். ஜெர்மனியில் முக்குகிற தண்ணீரில் காஸ்டிக் 4 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது, அதாவது லிட்டருக்குச் சுமார் 40 கிராம். அந்த அளவிலேயே கண்ணில் ஒரு சொட்டுத் தெறித்தால் பார்வைக்கே கேடு. அமிலத்தைவிடக் காரம் திசுவுக்குள் ஆழமாக இறங்கும்.

அதனால் இதைத்தான் செய்வேன் என்பவர்கள் கையுறையும் கண்ணாடியும் போடாமல் டப்பாவைத் திறக்காதீர்கள். தண்ணீர் குளிர்ந்ததாக இருக்கட்டும், அதில் காஸ்டிக்கைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போடுங்கள். காஸ்டிக் மேல் தண்ணீரை ஊற்றினால் சட்டென்று கொதித்துத் தெறிக்கும். பாத்திரம் எவர்சில்வர். அலுமினியப் பாத்திரத்தைக் காரம் அரித்து ஹைட்ரஜன் கிளப்பும், அலுமினியத் தட்டில் வைத்துச் சுட்டால் அந்த உலோகம் பிரெட்சலிலும் ஏறும். சாக்கடை அடைப்பு எடுக்கும் பொடியும் காஸ்டிக்தானே என்று கேட்கிறார்கள். வேண்டாம், அதில் வேறு என்னென்ன கலந்திருக்கிறது என்று உங்களுக்குத் தெரியாது. மிஞ்சியதை எடுத்து வைக்கவே வைக்காதீர்கள், நிறையத் தண்ணீர் விட்டு அன்றைக்கே கொட்டிவிடுங்கள்.

மேலே பட்டுவிட்டால் உடனே குழாயடியில் இருபது நிமிடமாவது கழுவுங்கள். எலுமிச்சையோ வினிகரோ தேய்க்க ஓடாதீர்கள், காயம்தான் கூடும். கண் என்றால் நன்றாகக் கழுவிவிட்டு நேராக ஆஸ்பத்திரிதான். விழுங்கிவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள், ஏறி வரும்போது இன்னொரு தடவை சுடும்.

சரி, நிறத்துக்கு வேறு வழி? ஆப்ப சோடா 100 கிராமைத் தட்டில் பரப்பி, ஓவனில் 130 டிகிரியில் ஒரு மணி நேரம் வையுங்கள். எடுத்து எடை போட்டால் 63 கிராம் பக்கம் நிற்கும், அவ்வளவு இறங்கவில்லையென்றால் இன்னும் கொஞ்ச நேரம். இது சாதாரண ஆப்ப சோடாவைவிட நல்ல காரம், ஆனால் காஸ்டிக் அளவுக்கு மூர்க்கமில்லை. கையுறை இதற்கும் வேண்டும். ஒரு லிட்டர் தண்ணீரில் கரைத்துக்கொள்ளுங்கள். முறுக்கிய மாவை மூடாமல் ஃபிரிட்ஜில் ஒரு மணி நேரம் வைத்து, மேல்தோல் காய்ந்து கெட்டியானதும் மூன்று நிமிடம் முக்கி, நல்ல தண்ணீரில் ஓர் அலசு அலசி, கல் உப்புத் தூவி, கீழ்ப்பக்கம் தடித்த வயிற்றில் பிளேடால் ஒரு கீறல். 220 டிகிரி, பதினைந்து நிமிடம். இந்தப் பக்கத்து ஸ்வாபியப் பிரெட்சலுக்கு அந்தக் கீறல்தான் அடையாளம், பக்கத்து மாநிலமான பவேரியாவில் கீறாமல் தானாக வெடிக்க விடுவார்கள்.

பேக்கரியில் வருகிற பளபளப்பு இதில் முழுதாக வராது. ஆனால் சின்னப் பிள்ளைகள் இருக்கிற என் வீட்டில் நான் சுடுவது இப்படித்தான்.