கல்யாண விருந்தும் கம்பாக்டரும்

சிங்கப்பூரில் ஒரு ஹோட்டலில் வேலை. என் பிரிவுக்கு ஸ்டூவர்டிங் என்று பெயர். தட்டு கழுவுவது, சட்டிபானை தேய்ப்பது, குப்பையைக் கீழே இறக்குவது எல்லாம் எங்கள் பொறுப்பு. பத்தொன்பது வருடமாக இதே வேலை. இப்போது மேற்பார்வை பார்க்கிறேன், அவ்வளவுதான் மாற்றம்.

போன ஆவணியில் ஒரு தமிழ்க் கல்யாண வரவேற்பு. ஐந்நூறு பேருக்குச் சொல்லியிருந்தார்கள், முந்நூற்று அறுபது பேர்தான் வந்தார்கள். இரவு பதினொரு மணிக்கு மூடி திறக்காத பிரியாணித் தட்டுகள் வரிசையாகப் பின்கட்டுக்கு வந்தன. அறந்தாங்கியிலிருந்து வந்து இரண்டு மாதமே ஆன ஒரு பையன் தொட்டிக்கு முன்னால் தட்டோடு நின்றான். "அண்ணே, இதையா கொட்டச் சொல்றீங்க?"

சொன்னேன். வேறு வழி இல்லை. சமைத்து நான்கு மணி நேரம் தாண்டிவிட்டது. கெட்டுப்போகக்கூடிய சாப்பாட்டை அதற்குமேல் யாருக்கும் கொடுக்க முடியாது.

கொட்டியது எங்கே போகிறது? குப்பையை அழுத்தும் கம்பாக்டர் இயந்திரத்தில் நசுங்கி, லாரியில் ஏறி, எரியாலைக்கு. எரித்த சாம்பல் துவாஸிலிருந்து படகில் செமாக்காவ் தீவுக்கு. குப்பைச் சாம்பலைக் கொட்ட 1999இல் திறந்த அந்த நிரப்புநிலம் 2035 வாக்கில் நிரம்பிவிடும் என்கிறார்கள். நமக்கு இருப்பது அது ஒன்றுதான். 2022இல் சிங்கப்பூரில் சேர்ந்த உணவுக் கழிவு 813,000 டன். அதில் மறுபயனுக்குப் போனது 18 விழுக்காடு. மிச்சமெல்லாம் ஈரத்தோடு அடுப்புக்குள். ஈர விறகை எரித்துப் பார்த்தவர்களுக்கு அதன் அருமை தெரியும்.

200 அறைகளுக்கு மேல் உள்ள ஹோட்டல்கள் தங்கள் குப்பைக் கணக்கையும் குறைக்கும் திட்டத்தையும் 2014 முதல் தேசியச் சுற்றுப்புற வாரியத்துக்குக் கொடுத்தாக வேண்டும். நல்ல விதிதான். ஆனால் நான் முன்பு இருந்த ஓர் இடத்தில் உணவுக் கழிவின் எடையைக் கண்ணாலேயே அளந்தோம். "எத்தனை தொட்டி? சரி, இவ்வளவு கிலோ போட்டுக்கோ." அந்தத் தாளை நிரப்பியவர்களில் நானும் ஒருவன்.

இப்போது இருக்கும் இடத்தில் ஒரு தராசு வாங்கினோம். நறுக்கும்போது விழுவது ஒரு தொட்டி, பஃபேயில் மிஞ்சுவது ஒரு தொட்டி, விருந்தினர் தட்டில் வைப்பது ஒரு தொட்டி. தட்டில் மிச்சம் வைப்பவர்களைத்தான் நாங்கள் எப்போதும் திட்டிக்கொண்டிருந்தோம். தராசு வேறு கதை சொன்னது. பஃபே தொட்டிதான் எப்போதும் கனத்தது. யாருமே தொடாத சாப்பாடு! கடைசி அரை மணி நேரத்தில்கூட மேசை நிறைந்து தெரிய வேண்டும் என்று பெரிய தட்டில் நிரப்பிக்கொண்டே இருந்தோம். அந்த நேரத்துக்கு மட்டும் சின்னத் தட்டு என்று மாற்றினோம். செஃப் ஒரு வாரம் என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. விருந்தினர் யாரும் கவனித்ததாகத் தெரியவில்லை.

பிரிக்கத் தொடங்கிய பிறகு இன்னொன்றும் கிடைத்தது: கரண்டிகள். மாதாமாதம் காணாமல் போன கரண்டி, முள்கரண்டியெல்லாம் கறுப்புப் பைக்குள்தான் போயிருக்கின்றன. பிரித்த உணவுக் கழிவைப் போடும் இயந்திரமும் கரண்டி விழுந்தால் நின்றுவிடும், பழுதுபார்க்க ஆள் வரும்வரை நாற்றம் எங்களுக்கு. அட்டைப்பெட்டிக்கும் இதே கவனம் வேண்டும். சாம்பாரோ சாஸோ ஊறிவிட்டால் பழைய அட்டை எடுப்பவர் திருப்பி அனுப்பிவிடுவார். பொரித்த எண்ணெய்க்கு மட்டும் கவலை இல்லை. அதற்கு விலை உண்டு, ஆளே வந்து வாங்கிப் போவார்.

தானம் பற்றிப் பலரும் கேட்கிறார்கள். 2024 ஆகஸ்டில் நாடாளுமன்றம் ஒரு சட்டம் நிறைவேற்றியது. கொடுக்கும் நேரத்தில் உணவு பாதுகாப்பாக இருந்து, சுகாதாரமாகக் கையாண்டு, எப்படி வைக்க வேண்டும், எத்தனை மணிக்குள் சாப்பிட வேண்டும் என்று பெறுபவரிடம் சொல்லிவிட்டால், பிறகு ஏதாவது ஆனால் கொடுத்தவர்மேல் பொறுப்பு விழாது. "கேஸ் போட்டால் யார் பதில் சொல்வது?" என்று எங்கள் மேலிடம் கையைக் கட்டிக்கொண்டிருந்த காலம் போயிற்று. ஆனால் இரவு பதினொரு மணிக்குப் போன் போட்டால் எந்தத் தொண்டூழியர் வருவார்? எட்டரைக்குள் வருகைக் கணக்குத் தெரிந்தால், சூட்டுப்பெட்டியை விட்டு வெளியே எடுக்காத தட்டுகளையாவது அனுப்பலாம். அதற்கு ஆளை முந்தைய நாளே சொல்லி வைக்க வேண்டும்.

உண்மையில் எங்கள் தொட்டியின் எடை முடிவாவது விருந்துக்குக் கையெழுத்துப் போடும் அறையில். பந்தியில் பற்றாக்குறை வந்தால் சொந்தக்காரர்கள் பேரப்பிள்ளை காலம்வரை பேசுவார்கள், தெரியும். எங்கள் வீட்டிலும் அப்படித்தான். அதனால்தான் இப்போது விற்பனைப் பிரிவினர் பெண்வீட்டாரிடம் பேசும்போது நானும் போய் உட்கார்ந்துகொள்கிறேன்.

போன மாதம் ஒரு பெரியவர் அறுநூறு என்று எழுத வந்தார். "ஐயா, அழைப்புக்குப் பதில் சொன்னவங்க எத்தனை பேர்?" என்று கேட்டேன். மனைவியைப் பார்த்தார். அந்த அம்மா கைப்பையிலிருந்து ஒரு நோட்டை எடுத்து எண்ண ஆரம்பித்தார். நானூற்று முப்பது வந்தது. "ஒரு இருபது சேர்த்துப் போடுங்க தம்பி," என்றார் பெரியவர். போட்டோம்.