ஸ்டைல் வரவில்லை என்று பதறுகிறவர்களுக்கு

டிஜிட்டல் ஓவியம் பழகுகிறவர்களின் போர்ட்ஃபோலியோவைப் பார்த்து அபிப்பிராயம் சொல்வது என் வேலையில் ஒரு பகுதி. மற்ற நேரத்தில் புத்தக அட்டைகளும் கதாபாத்திர ஓவியங்களும் வரைகிறேன். 14 வருடம் ஆகிவிட்டது. உடற்கூறு, பெர்ஸ்பெக்டிவ், வெளிச்சம் என்று கேட்க எவ்வளவோ இருக்க, வருகிறவர்களில் பாதிப் பேர் முதலில் கேட்பது ஒரே கேள்விதான்: "எனக்குன்னு ஒரு ஸ்டைல் இன்னும் வரலையே, என்ன செய்யறது?" வரையத் தொடங்கி இரண்டு வருடம்கூட ஆகாதவர்கள், கடைசி பஸ்ஸைத் தவறவிட்டவர்கள் மாதிரி கேட்பார்கள். அந்தப் பதற்றத்தைப் பார்த்துப் பார்த்துத்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

சென்ற வருடம் ஒரு பெண் மூன்று வருடத்துப் படங்களோடு வந்தார். ஒன்றில் தடித்த கறுப்புக் கோடு. அடுத்ததில் கோடே இல்லை, வெறும் வண்ணத் திட்டுகள். இன்னொன்றில் வாட்டர்கலர் மாதிரி பிரஷ். "எல்லாமே வேற யாரோ வரைஞ்ச மாதிரி இருக்கு" என்றார். அதில் 40 படங்களை எடுத்து, ஒவ்வொன்றையும் தீப்பெட்டி அளவுக்குச் சுருக்கி, ஒரே கேன்வாஸில் வரிசையாக அடுக்கச் சொன்னேன். அப்புறம் நிறத்தை எடுத்துவிட்டோம். அந்த அளவில் பிரஷ் எதுவென்று தெரியாது, கோட்டின் நேர்த்தி தெரியாது. உருவத்தை எங்கே வைத்தார், வெளிச்சம் எங்கிருந்து வருகிறது, எவ்வளவு இடத்தைச் சும்மா விட்டார், இவ்வளவுதான் தெரியும்.

கொஞ்ச நேரம் பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தார். 40-இல் 26 படங்களில் உருவம் கீழ்ப் பாதியிலேயே இருந்தது. தலைக்கு மேலே பெரிய வெற்றிடம். வானமோ, சுவரோ, வெறும் நிறமோ, ஏதோ ஒன்று, ஆனால் காலியாக. பிரஷ் மாறியிருக்கிறது, வண்ணம் மாறியிருக்கிறது, அந்தக் காலி இடம் மட்டும் மாறவில்லை. யாரையும் பார்த்து எடுத்தது இல்லை, அப்படி வைத்தால்தான் தனக்கு மூச்சு வருகிற மாதிரி இருக்கும் என்றார். இன்னொன்றையும் எண்ணினோம். 31 படங்களில் கைகள் தெரியவில்லை. பாக்கெட்டுக்குள், முதுகுக்குப் பின்னால், பூங்கொத்துக்கு அடியில், அல்லது சட்டகத்துக்கு வெளியே.

இரண்டுமே திரும்பத் திரும்ப வந்தவைதான். ஒன்று விருப்பம், மற்றது பயம். வெளியிலிருந்து பார்க்கிறவருக்கு இரண்டும் ஸ்டைல் மாதிரியே தெரியும். பிரித்துப் பார்க்க வரைந்தவரால் மட்டும்தான் முடியும், அதுவும் இப்படி மொத்தமாகப் பரப்பி வைத்தால்தான். சித்திரமும் கைப்பழக்கம் என்று சின்ன வயதிலேயே படித்துவிடுகிறோம். உண்மைதான். ஆனால் கைக்கு நல்ல பழக்கம், கெட்ட பழக்கம் என்று பேதம் தெரியாது. ஆயிரம் தடவை ஒளித்து வைத்தால், ஒளிப்பதும் பழக்கமாகிவிடும்.

ஸ்டைல் என்று நாம் சொல்வதில் பெரும்பகுதி முடிவுகள். எதைக் காட்டுவது, எதை விடுவது, எதை எளிமையாக்குவது, எங்கே நிறுத்துவது. பிரஷ் அதற்குப் பிறகுதான் வருகிறது. டிஜிட்டலில் இது தலைகீழாகிவிடுகிறது. பிரஷ் பேக் ஒன்றை, அதாவது யாரோ செய்துவைத்த பிரஷ்களின் தொகுப்பை, இறக்கிக்கொண்டால் ஐந்து நிமிடத்தில் வேறொருவர் படத்தின் மேல்தோல் கிடைத்துவிடும். அதனால் முடிவெடுக்காமலேயே படம் முடிந்துவிட்ட மாதிரி ஒரு தோற்றம் வந்துவிடுகிறது.

இதை நான் சுலபமாகக் கற்றுக்கொள்ளவில்லை. ஆரம்பத்தில் ஒரு ஓவியர் மேல் எனக்கு அப்படி ஒரு பித்து. அவர் கண்களை எப்படி வரைவார், நிழலுக்கு எந்த ஊதா போடுவார், முடியின் நுனியை எப்படிக் கூராக்குவார், எல்லாம் மனப்பாடம். முதல் பெரிய கிளையண்ட் என் படத்தைப் பார்த்து, "இது அவர் வரையற மாதிரியே இருக்கே, அவர் கேக்கறதுல பாதிக்கு நீங்க பண்ணித் தருவீங்களா?" என்று கேட்டார். சந்தோஷமாகச் சம்மதித்தேன். இரண்டு வருடம் அந்த வேலை ஓடியது. பிறகு அந்த ஓவியர் மாறிப்போனார். ஊதா போனது, கூரான நுனிகள் போயின, பெரிய பெரிய தட்டையான வடிவங்களுக்கு வந்துவிட்டார். நான் அங்கேயே நின்றேன். அவருடைய விடைகள் எனக்குத் தெரியும், கணக்குத் தெரியாது. ஏன் ஊதா என்று ஒருநாளும் கேட்டுக்கொண்டதில்லை.

பார்த்து வரைவதே தப்பு என்று இதற்கு அர்த்தம் இல்லை. எப்படிப் பார்த்து வரைகிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. வான்கோ 1887-இல் பாரிஸில் இருந்தபோது ஜப்பானிய ஓவியர் ஹிரோஷிகேயின் அச்சோவியங்களை எண்ணெய் வண்ணத்தில் பார்த்து வரைந்தார். 1889-லும் 1890-லும் செயின்ட் ரெமி மனநலக் காப்பகத்தில் இருந்தபோது பிரெஞ்சு ஓவியர் மில்லேயின் படங்களைப் பார்த்து ஏறத்தாழ 20 ஓவியங்கள் செய்தார். அவர் கையில் இருந்தவை கறுப்பு வெள்ளைப் பிரதிகள். உருவமும் அமைப்பும் மில்லேவினுடையவை, ஆனால் வானத்துக்கு என்ன நீலம், வைக்கோலுக்கு என்ன மஞ்சள் என்று ஒவ்வொரு இடத்திலும் அவரேதான் முடிவெடுக்க வேண்டியிருந்தது. அந்தப் படங்களைப் பார்த்தால் இது வான்கோ என்று யாரும் சொல்லிவிடுவார்கள்.

இதைப் படித்த பிறகு நான் பழகும் முறையை மாற்றிக்கொண்டேன். பிடித்த படத்திலிருந்து ஏதாவது ஒன்றை எடுத்துவிட்டு மீதியைப் பார்த்து வரைவேன். நிறத்தை எடுத்துவிட்டால் நிறம் என் பொறுப்பு. கோட்டை எடுத்துவிட்டு வெளிச்சத்தை மட்டும் வைத்துக்கொண்டால் கோடு என் பொறுப்பு. முடிந்த பிறகு மூலத்தைப் பக்கத்தில் வைத்து, அவர் வேறு மாதிரி முடிவெடுத்த இடங்களைக் குறித்துக்கொள்வேன். அந்த வித்தியாசங்களில்தான் பாடம் இருக்கிறது. இப்படிப் பழகுவதை வெளியிட்டால் யாருடைய படத்தைப் பார்த்து என்று பெயர் போட்டுவிடுங்கள். விற்காதீர்கள்.

கருவி பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். 1990-இல் ஃபோட்டோஷாப் முதல் பதிப்பு வந்தபோது செய்ததை ரத்துசெய்து (அன்டூ) ஒரே ஒரு அடிதான் பின்னால் போக முடியும். ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி வரைய உதவும் லேயர்கள் 1994-இல் மூன்றாவது பதிப்பில்தான் வந்தன. பல அடி பின்னால் போகிற வசதி 1998-இல் ஐந்தாவது பதிப்பில். இன்று நம் கையில் இருக்கும் செயலிகளில் நூறு அடி பின்னால் போகலாம். அற்புதமான வசதி, நானும் தினமும் பயன்படுத்துகிறேன். ஆனால் புதிதாகப் பழகுகிறவரின் பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். தோள்பட்டைக்கு ஒரு வளைவு. போடுகிறார், அழிக்கிறார், போடுகிறார், அழிக்கிறார். 400 சதவீதம் ஸூம் செய்து 14 சின்னச் சின்னக் கீற்றுகளால் அதைத் தைத்து முடிக்கிறார். முழு அளவுக்குத் திரும்பினால் அந்தத் தோள் நடுங்கிக்கொண்டிருக்கிறது. எந்தக் கீற்றிலும் அவர் முடிவெடுக்கவில்லை, எல்லா முடிவையும் தள்ளிப் போட்டிருக்கிறார்.

அதற்கு நேர் எதிரான ஒரு உதாரணம் எனக்கு மிகவும் பிடிக்கும். 1984-இல் வெளிவந்த மேக்கின்டாஷ் கணினிக்கு ஐகான்கள் செய்த சூசன் கேர், கட்டம் போட்ட தாளில் வரைந்து தொடங்கினார். 32-க்கு 32, மொத்தம் 1024 கட்டங்கள். ஒவ்வொரு கட்டமும் கறுப்பு அல்லது வெள்ளை, இடையில் சாம்பல் கிடையாது. மொசைக்கும் பூத்தையலும் அவருக்கு முன்பே பழக்கம், அந்தப் பழக்கம் இங்கே கைகொடுத்தது. சிரிக்கும் கணினி முகத்தை இன்றும் பார்த்தவுடன் சொல்லிவிடுகிறோம். கணினிக்குச் சம்பந்தமே இல்லாத ஒரு கைவேலை அவருடைய கணினி ஓவியத்துக்குள் வந்து உட்கார்ந்துகொண்டது. உங்களுக்குள்ளும் அப்படி ஏதாவது இருக்கும். தையலோ, நடனமோ, இயந்திரம் கழற்றி மாட்டுவதோ. அதை ஓவியத்துக்கு வெளியே நிறுத்தி வைக்காதீர்கள்.

என்னிடம் வருகிறவர்களுக்கு நான் கொடுக்கும் பயிற்சி எளிமையானது. நாற்காலி முதுகில் ஒரு துணியைப் போடுங்கள். ஒரு லேயர், ஒரு கடினமான வட்ட பிரஷ், 30 நிமிடம், அன்டூ கிடையாது, ஸூம் கிடையாது. நாளைக்கும் அதே துணி. ஒரு மாதம். முதல் வாரத்தில் எல்லா மடிப்புகளையும் வரைவார்கள். பத்தாவது நாள் சலித்துப்போகும். சலிப்பு வந்த பிறகுதான் விஷயமே ஆரம்பிக்கிறது. எல்லாவற்றையும் வரையப் பொறுமை இல்லாமல் எதையாவது விடத் தொடங்குவார்கள். ஒருவர் மடிப்பின் விளிம்பை மட்டும் வைத்துக்கொள்வார். இன்னொருவர் நிழலின் வடிவத்தை மட்டும். அங்கே இரண்டு பேரும் பிரிந்துவிடுகிறார்கள்.

சரி, உந்துதல்? எதைப் பார்த்து வரைவது?

என் ரெஃபரன்ஸ் ஃபோல்டரில் ஒரு காலத்தில் 6000 படங்களுக்கு மேல் இருந்தன. சேமிக்கும்போது ஏதோ சாதித்த திருப்தி வரும். திரும்பத் திறந்து பார்த்தது மிகக் குறைவு. திரையில் வரும் படங்கள் எல்லாம் இன்னொருவர் முடித்துவைத்த விடைகள். நாள் முழுக்க விடைகளையே பார்த்துக்கொண்டிருந்தால் கேட்க நமக்கென்று கேள்வி வராது. இப்போது சேமிப்பதைக் குறைத்துவிட்டேன். எதையாவது பார்த்து நின்றால், ஏன் நின்றேன் என்று ஒரு வரி எழுதுகிறேன். ஒரு நாள் எழுதியது இது: கண்ணாடி போட்டவர் குனிந்து படிக்கிறார், ஃபிரேமின் நிழல் கன்னத்தில் வளைந்து விழுகிறது, அந்த வளைவே கன்னம் எவ்வளவு உருண்டை என்று சொல்லிவிடுகிறது. அதை எழுதிய பிறகு முகங்களுக்கு மெதுமெதுவான ஷேடிங் போடுவதை நான் ஏறத்தாழ நிறுத்திவிட்டேன். முடியின் நிழல், காலரின் நிழல், மூக்கின் நிழல், இவற்றின் விளிம்பை வைத்தே வடிவத்தைச் சொல்லப் பார்க்கிறேன். இன்று என் படம் என்று மற்றவர்கள் அடையாளம் சொல்வது அந்த நிழல் விளிம்புகளைத்தான். பிரஷ் எதுவென்று யாரும் கேட்பதில்லை.

நிறத்துக்கும் இப்படி ஒரு வழி உண்டு. நீங்களே எடுத்த ஒரு புகைப்படத்தைத் திறந்து, ஓர் இடத்தின் நிறத்தை முதலில் ஊகித்துக் கலந்து வையுங்கள். அப்புறம், தொட்ட இடத்தின் நிறத்தை அப்படியே எடுத்துக் காட்டும் கலர் பிக்கரால் தொட்டுப் பாருங்கள். நிழலில் நிற்கும் வெள்ளைச் சட்டை பெரும்பாலும் நீலம் கலந்த சாம்பலாக வரும், நம் மூளை அதைப் பிடிவாதமாக வெள்ளை என்று சொல்லிக்கொண்டிருக்கும். என் ஊகங்கள் எப்போதும் தேவைக்கு மேல் பளிச்சென்று இருந்தன. அதில் ஒரு பகுதியைத் திருத்திக்கொண்டேன். ஒரு பகுதியை வேண்டுமென்றே வைத்துக்கொண்டேன், எனக்குப் பிடித்திருந்தது. தெரிந்து வைத்துக்கொள்வது வேறு, தெரியாமல் செய்வது வேறு.

பிரிட்டிஷ் ஓவியர் டேவிட் ஹாக்னி 70 வயதைக் கடந்தபின், 2009-இல், கைப்பேசித் திரையில் விரலால் வரையத் தொடங்கினார். அடுத்த வருடம் ஐபேட். திரைக்குத் தானே வெளிச்சம் இருப்பதால் விளக்குப் போடாமல் இருட்டிலேயே விடியலை வரைய முடிந்தது. கருவி அப்போது புத்தம் புதியது, அவர் பார்த்துக்கொண்டிருந்ததோ தன் ஜன்னலை.

சில நாட்கள் எதுவும் தோன்றாது. அது பல சமயம் வெறும் களைப்பு. தூங்குங்கள். மணிக்கட்டு வலித்தால் ஸ்டைலஸைக் கீழே வைத்துவிடுங்கள், வலியோடு வரைந்து பழகினால் அந்த இறுக்கமும் கோட்டில் ஏறிவிடும்.

எனக்கு உண்மையிலேயே கவலை தருவது வேறொன்று. ஒரு மாதிரியான படத்துக்குப் பாராட்டுக் குவிந்ததும், 19 வயதில் அதையே தன் ஸ்டைல் என்று பூட்டிக்கொள்கிறார்கள். மாற்றினால் பார்க்கிறவர்கள் போய்விடுவார்கள் என்ற பயம். ஜப்பானிய ஓவியர் ஹொகுசாய் தன் வாழ்நாளில் 30 தடவைக்கு மேல் பெயரையே மாற்றிக்கொண்டவர், பெயரோடு வரையும் விதத்தையும். உலகமே அறிந்த அவருடைய பேரலை ஓவியம் 1831 வாக்கில் வந்தபோது அவருக்கு வயது 70-க்கு மேல். அப்போது ஜப்பானில் தாராளமாகக் கிடைக்கத் தொடங்கியிருந்த பிரஷ்யன் நீலம் என்ற புது நிறமியை அதில் எடுத்து ஆண்டிருக்கிறார். நிறமி எல்லோருக்கும்தான் கிடைத்தது. அவர் அதற்கு முன்பே பல வருடங்களாக அலைகளை வரைந்துகொண்டிருந்தார்.

ஓவியரின் பெயரைத் தட்டினால் அவர் பாணியில் படம் கொடுக்கும் ஏஐ கருவிகள் வந்த பிறகு பலர் என்னிடம் அழாத குறையாகப் பேசியிருக்கிறார்கள். பொதுவாகப் பதிப்புரிமைச் சட்டம் வரைந்த ஓவியத்தைக் காக்கும், பாணியைக் காக்காது. இதைத் தெரிந்துகொள்வது நல்லது. மேல்தோலை மட்டும் ஸ்டைல் என்று நம்பியிருந்தால் அது போய்விடும் என்ற பயம் நியாயமானதுதான். அடுத்த படத்தில் நீங்கள் எதை விடப் போகிறீர்கள் என்பது இன்னும் வரையப்படவே இல்லை, அதை எடுக்க யாராலும் முடியாது.

அந்தப் பெண் இந்த வருடம் திரும்ப வந்தார். துணிப் பயிற்சியை முடித்துவிட்டு, இரண்டு மாதம் தன் இடது கையை மட்டும் வரைந்திருக்கிறார். புதிதாக 22 படங்கள். மறுபடியும் தீப்பெட்டி அளவுக்குச் சுருக்கி அடுக்கினோம். காலி இடம் அப்படியே இருந்தது, சிலவற்றில் முன்பைவிடப் பெரிதாக. ஒரு படத்தில் சட்டகத்தின் அடி விளிம்பிலிருந்து ஒரு கை மட்டும் மேலே நீண்டிருந்தது, மீதி முழுவதும் வெளிர்ப் பச்சை. கட்டைவிரல் கொஞ்சம் நீளம். "அது தப்புன்னு தெரியும், இருந்தாலும் அப்படியே விட்டுட்டேன்" என்றார். ஏன் என்று கேட்டேன். மூன்று காரணம் சொன்னார்.