கழற்றாமலே கவிழும் வேகன்

மாடல் ரயில் கட்டும் வாசகர் ஒருவர் கேட்டிருந்தார்: "நிலக்கரி வேகனைக் கை படாமல் தானாகக் கொட்ட வைக்க முடியுமா?" முடியும். அமெரிக்காவில் வயோமிங் சுரங்கங்களிலிருந்து அனல்மின் நிலையங்களுக்குப் போகும் நூறு வேகன் ரயில்களைக் காலி செய்யும் முறையையே சிறிதாக்கினால் போதும்.

அங்கே ராட்சத உருளை ஒன்றின் உள்ளே தண்டவாளம் போகிறது. வேகன் வந்து நின்றதும் பிடிகள் இறுக்கிக்கொள்ளும். உருளை தண்டவாளத்தோடு சேர்ந்து சுமார் 160 டிகிரி புரளும். நம் ஊர் வேகன் டிப்ளரில் (வேகனைக் கவிழ்க்கும் இயந்திரத்தில்) பெரும்பாலும் வேகனைத் தனியே கழற்றிய பிறகுதான் கவிழ்ப்பார்கள். அங்கே கழற்றுவதே இல்லை. முன்னும் பின்னும் வேகன்கள் நேராக நிற்க, நடுவில் ஒன்று மட்டும் தலைகீழாகிறது. முதல்முறை பார்ப்பவருக்குக் கண்ணை நம்ப முடியாது.

எல்லாம் கப்ளரில், அதாவது வேகன்களை ஒன்றோடொன்று இணைக்கும் கொக்கியில் இருக்கிறது. ஒவ்வொரு வேகனிலும் ஒரு முனைக் கப்ளர் தன் அச்சிலேயே சுழலும். எல்லா வேகனும் ஒரே திசை பார்த்து நிற்பதால், ஒவ்வொரு இணைப்பிலும் சுழலும் கப்ளர் ஒன்று கட்டாயம் இருக்கும். இது மட்டும் போதாது. கதவின் மேல் கீலும் கீழ்க் கீலும் ஒரே கோட்டில் இல்லாவிட்டால் கதவு திறக்காது, இல்லையா? இங்கே இரு முனைக் கப்ளர்களும்தான் கீல்கள். உருளையின் மையக்கோடு அவற்றின் நடுவாகவே போக வேண்டும்.

நிஜத்தில் 87-இல் ஒரு பங்கான 1:87 அளவு மாடலில் கப்ளரின் நடு, தண்டவாளத்துக்கு மேலே சுமார் 10 மி.மீ. உயரத்தில் இருக்கும். உருளையின் மையமும் அங்கேதான். நான் முதலில் வேகனின் நடு உயரத்தை மையமாக வைத்தேன். கவிழும்போது பக்கத்து வேகன் தடம் புரண்டது. கடையில் வாங்கும் மாடல் கப்ளர் பக்கவாட்டில் ஆடுமே தவிர, சுழலாது. அதன் தண்டை மெல்லிய பித்தளைக் குழாய்க்குள் செருகிச் சுழல வைத்தேன். வேகன் விழாமலிருக்க மேல்விளிம்பை ஒட்டி இருபக்கமும் பட்டை. இடைவெளி அரை மி.மீ.க்குள். அதற்கு மேல் போனால் வேகன் சரிந்து மையம் விலகிவிடும்.

மற்றதெல்லாம் சுலபம். வேகன் வந்ததை அகச்சிவப்பு சென்சார் சொல்லும், ஆர்டுயினோ என்ற சிறு கட்டுப்பாட்டுப் பலகை, சொன்ன கோணத்துக்குத் திரும்பும் சர்வோ மோட்டாரைத் திருப்பும். முழுச் சுற்று சுற்றாததால் உருளைக்கு மின்சாரம் கொடுக்கத் தொளதொளவென்று விட்ட ஒயரே போதும். பள்ளி அறிவியல் கண்காட்சியில் அசையாத தெர்மாகோல் மாதிரிகளுக்குப் பரிசு கொடுப்பதை விட, பிள்ளைகளுக்கு ஒரு சர்வோவும் சென்சாரும் வாங்கிக் கொடுக்கலாம் என்பது என் உறுதியான கருத்து.

சரி, சரக்கு? நிஜ வேகனின் 100 டன்னை 87-இன் கனத்தால் (நீளம், அகலம், உயரம் மூன்றும் சிறிதாவதால் 87 × 87 × 87) வகுத்தால் சுமார் 150 கிராம். மாவு போன்ற கரித்தூள் மூலைகளில் ஒட்டிக்கொள்ளும். ரவை அளவுத் துகள் போடுங்கள், சரசரவென்று முழுதும் கொட்டும்.