'மூலதனம்' எதற்கு, 'முதல்' என்ற சொல் இருக்கும்போது?

பாலக்கோட்டில் பிளஸ் ஒன் படிக்கும் என் அக்கா பையன், "நிலம், உழைப்பு, மூலதனம், அமைப்பு" என்று உற்பத்திக் காரணிகளை ஒப்பித்துக்கொண்டிருந்தான். வாசலில் கட்டியிருந்த ஆலம்பாடி எருதைக் காட்டி, "இது மூலதனமா?" என்று கேட்டேன். "இல்ல மாமா, மூலதனம்னா பணம்" என்றான்.

பிழை அவனுடையதல்ல, சொல்லுடையது. மூலம், தனம் இரண்டும் வடசொற்கள். ஆங்கிலக் 'கேபிடல்' தலையைக் குறிக்கும் லத்தீன் 'கபுத்'திலிருந்து வந்தது. மாடுகளைக் குறிக்கும் 'கேட்டில்' என்பதற்கும் அதே வேர்தான். நம் மொழியிலும் மாடு என்றால் செல்வம்: "மாடல்ல மற்றை யவை" (குறள் 400).

வடசொல் என்பதற்காக மட்டும் நான் மல்லுக்கட்டவில்லை. பொருளியலில் இந்தச் சொல் குறிப்பது மேலும் விளைவிக்க உதவும் ஆக்கப்பொருளை: ஏர், மோட்டார், சொட்டுநீர்க் குழாய், உழவு மாடு. 'தனம்' பிள்ளையின் நினைப்பைக் காசுப் பக்கமே இழுக்கிறது. ராயக்கோட்டை தக்காளிக்காரர் விலை சரிந்தால் "போட்ட முதலே வரல" என்பார். "மூலதனம் வரல" என்று யாரும் சொல்லிக் கேட்டதில்லை. அவர் சொல்லும் 'முதல்' என்பதில் நாற்று, உரம், கூலி எல்லாம் அடக்கம். "ஆக்கம் கருதி முதலிழக்கும்" என்று 463ஆம் குறளிலும் இதே சொல்தான்.

'முதல்' என்றால் 'ஒன்றாவது' என்றும் பொருள்படுமே, குழப்பம் வராதா என்கிறார்கள். முதலாளி, முதலீடு, கைமுதல் என்னும்போது யார் குழம்பினார்கள்? முதலீடு செய்கிறோமாம், ஆனால் செய்தது முதல் இல்லையாம், மூலதனமாம்! 'மனித மூலதனம்' இன்னும் மோசம்; ஆளின் படிப்பையும் கைத்திறனையும் 'தனம்' என்றால் பிள்ளைக்கு என்ன விளங்கும்? பாடநூலை மொழிபெயர்ப்பவர்கள் அகராதியை மூடிவிட்டு ஒரு நாள் சந்தையில் நின்று கேட்க வேண்டும்.

அப்புறம் அவனுக்குப் பென்னாகரத்துப் பாட்டியின் கதையைச் சொன்னேன். மழை பொய்த்த வருஷம் களிக்கு மாவில்லை. பானையில் விதை ராகி இருந்தது. பாட்டி அதைத் தொடவிடவில்லை: "முதலைத் தின்னுட்டு அடுத்த வருஷம் எதைடா விதைப்ப?"

கொஞ்ச நேரம் யோசித்தவன், "விதையைக் கடனா வாங்கியிருந்தா அது யாரோட முதல் மாமா?" என்று கேட்டான்.