டெங்கு கார்டில் 'நெகட்டிவ்' வந்துவிட்டதா? கொஞ்சம் நில்லுங்கள்

மழைக்காலம் வந்தாலே எங்கள் லேபில் இதே கதைதான். காய்ச்சல் வந்து 6-ஆம் நாள் என்எஸ்1 கார்டு (சில நிமிடத்தில் கோடு காட்டும் ரத்தப் பரிசோதனை அட்டை) மட்டும் போட்டுப் பார்த்துவிட்டு, "டெங்கு இல்லையாம்" என்று கிளம்பிவிடுகிறார்கள். போன வாரம் அப்படிப் போன ஒருவர் மறுநாளே விடாத வாந்தியோடு அட்மிட் ஆனார். ஐஜிஎம் எலிசா (லேபில் கருவி வைத்துச் செய்யும் ரத்தப் பரிசோதனை) போட்டால் பாசிட்டிவ்.

கார்டு பொய் சொல்லவில்லை, நாம் கேட்ட நாள்தான் தப்பு. என்எஸ்1 என்பது வைரஸின் புரதம், காய்ச்சலின் முதல் நாளிலிருந்தே ரத்தத்தில் இருக்கும், 5 நாள் தாண்டினால் குறைந்துகொண்டே போகும். ஐஜிஎம் நம் உடம்பு உருவாக்கும் ஆன்டிபாடி (வைரஸை எதிர்க்கும் புரதம்), அது தெரியவே 4, 5 நாள் ஆகும். இரண்டாம் முறை டெங்கு வந்தவர்களுக்கு என்எஸ்1 இன்னும் சீக்கிரம் மறைந்துவிடலாம், ஐஜிஎம்மும் மங்கலாகவே இருக்கலாம். ஆபத்து அதிகம் உள்ளவர்களும் இவர்கள்தான். ஆக, ஒரு கார்டு நெகட்டிவ் என்றால் 'டெங்கு இல்லை' என்று அர்த்தமே கிடையாது. உறுதி செய்ய எலிசா வேண்டும்.

அப்புறம் பாசிட்டிவ் என்று காட்டும் அந்தக் கோடு. கார்டுக்குள் இருக்கும் நைட்ரோசெல்லுலோஸ் பட்டையில் ஆன்டிபாடி பூசிய தங்க நானோ துகள்கள் வந்து சேரும் இடம்தான் சிவப்பாகத் தெரிகிறது (தங்கமேதான், சுரண்டிப் பார்க்காதீர்கள்). கோடு அடர்த்தியாக இருந்தால் நோய் முற்றிவிட்டது, மங்கலாக இருந்தால் லேசான டெங்கு என்று யார் கிளப்பிவிட்டார்களோ தெரியவில்லை! மங்கலான கோடும் பாசிட்டிவ்தான், ஆனால் கிட்டில் சொன்ன நேரத்துக்குள் தெரிந்திருக்க வேண்டும், பெரும்பாலும் 15 முதல் 20 நிமிடம். மறுநாள் காலையில் கார்டைப் படம் எடுத்து வாட்ஸப்பில் அனுப்பி "இப்ப கோடு வந்திருக்கே" என்று கேட்காதீர்கள். கார்டு ஒழுங்காக வேலை செய்ததா என்று காட்டும் கன்ட்ரோல் கோடு வரவில்லையா, அந்தக் கார்டு குப்பைக்கு. லேப் நண்பர்களே, பவுச்சை முன்னாடியே பிரித்து அடுக்கி வைக்காதீர்கள், மழைக்கால ஈரத்தில் பட்டை கெட்டுப்போகும்.

காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் போதும், புரூஃபன், டைக்லோஃபினாக் போன்ற வலி மாத்திரைகள் வேண்டவே வேண்டாம். காய்ச்சல் விட்ட அடுத்த 24 முதல் 48 மணி நேரம்தான் கண்காணிக்க வேண்டிய நேரம். வயிற்றுவலி, தொடர் வாந்தி, ஈறில் ரத்தம், அசதி இருந்தால் கார்டு என்ன சொன்னாலும் ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

டாக்டர்களிடமும் ஒரு வேண்டுகோள்: டெஸ்ட் எழுதும் சீட்டில் காய்ச்சல் தொடங்கிய தேதியையும் எழுதிவிடுங்கள். எந்த டெஸ்ட் போடுவது என்பதே அதைப் பொறுத்துத்தான்.