கூண்டில் தெரிவது முழு நாய் அல்ல

நாய்க் காப்பகத்துக்குத் தத்தெடுக்க வருபவர்கள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் நடந்துகொள்கிறார்கள். கூண்டு வரிசையில் மெதுவாக நடந்து, ஒவ்வொரு கம்பிக் கதவின் முன்னாலும் சில நொடி நின்று, அடுத்ததற்குப் போய்விடுவார்கள். ஒரு நாய் முதுகைக் காட்டிச் சுவரோரம் படுத்திருக்கும். இன்னொன்று இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் ஓயாமல் நடந்துகொண்டே இருக்கும். மற்றொன்று கதவில் பாய்ந்து தொண்டை கிழியக் குரைக்கும். இது மந்தம், இது அடங்காது, இது கடிக்கும் என்று மனதில் முத்திரை விழுந்துவிடும். அந்த முத்திரையை ஏன் நம்பக்கூடாது என்பதற்குக் கடந்த முப்பது ஆண்டு ஆய்வுகளில் நிறையச் சான்று இருக்கிறது.

காப்பகத்துக்குள் வந்ததும் நாயின் உடம்பில் என்ன நடக்கிறது? பழகிய ஆட்கள் இல்லை, பழகிய வாசனை இல்லை, நாலாபக்கமும் குரைப்பு. மூளையின் அடிப்பகுதியில் இருக்கும் ஹைப்போதலாமஸ் இதை ஆபத்து என்று எடுத்துக்கொண்டு பிட்யூட்டரி சுரப்பியைத் தட்டிவிடும். பிட்யூட்டரி விடும் ஹார்மோன், சிறுநீரகத்துக்கு மேலே உள்ள அட்ரீனல் சுரப்பியைத் தூண்டும். அங்கிருந்து கார்டிசால் ரத்தத்தில் இறங்கும். கார்டிசால் தன்னளவில் கெட்டது அல்ல. ஓடவோ எதிர்த்து நிற்கவோ வேண்டிய சர்க்கரையை அது ரத்தத்தில் ஏற்றுகிறது, அவசரமில்லாத வேலைகளைத் தள்ளிப்போடுகிறது. ஆபத்து சீக்கிரம் விலகினால் எல்லாம் பழைய நிலைக்கு வந்துவிடும். காப்பகத்தில் அது விலகுவதில்லை.

அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் மைக்கேல் ஹென்னெஸி குழுவினர் 1997-இல் ஒரு மாவட்டக் காப்பகத்து நாய்களின் ரத்தத்தைச் சோதித்தார்கள். முதல் மூன்று நாளில் இருந்த நாய்களுக்கு, வீட்டில் வளரும் நாய்களைவிடக் கிட்டத்தட்ட மூன்று மடங்கு கார்டிசால் இருந்தது. ஒன்பது நாளுக்கு மேல் தங்கியவற்றில் அளவு குறைந்திருந்தது. குறைந்துவிட்டதே, பழகிவிட்டது என்று இதை எடுத்துக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை. சுரப்பி ஓய்ந்துபோவதும் நாய் நிம்மதியாக இருப்பதும் ஒன்றாகிவிடாது.

ஓசை தனிப் பிரச்சினை. சிமென்ட் தரை, ஓடு பதித்த சுவர், தகரக் கூரை என்று எல்லாமே கழுவுவதற்கு வசதியாகக் கட்டப்படுவதால் குரைப்பு எதிலும் அடங்காமல் எதிரொலித்துக்கொண்டே இருக்கும். பல காப்பகங்களில் 100 டெசிபலைத் தாண்டுகிறது. மனிதரைவிடக் கூர்மையாகக் கேட்கும் காதுகள் அந்த இரைச்சலில் நாள் முழுக்கக் கிடக்கின்றன. 2012-இல் வெளியான ஓர் ஆய்வில், கூண்டில் ஆறு மாதம் இருந்த 14 நாய்களின் செவித்திறனும் குறைந்திருந்தது.

நீடித்த கார்டிசால் நோய் எதிர்ப்பையும் தளர்த்தும். பல ஊர்களிலிருந்து வரும் குட்டிகள் ஒரே கட்டடத்தில் சேரும் இடத்தில் இது ஆபத்தான கூட்டணி. குட்டிகளுக்குக் கடும் வயிற்றுப்போக்கை உண்டாக்கும் பார்வோ வைரஸ் மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும், சாதாரண சோப்புக்குச் சாகாது, பிளீச்சிங் கலவை போன்ற ஒன்று வேண்டும். அதனால்தான் நல்ல காப்பகங்கள், வாசலில் நுழையும்போதே தடுப்பூசி போட்டுப் புதிய நாயைத் தனியே வைக்கின்றன. நோய் வந்தால் தத்து தள்ளிப்போகும், தள்ளிப்போனால் கூண்டு வாசம் நீளும், அது மறுபடி நோயை இழுத்துவரும்.

இதை எங்கே அறுப்பது? துணைக்கு இன்னொரு நாயைப் போட்டால் போதும் என்றுதான் யாருக்கும் முதலில் தோன்றும். ஹென்னெஸி பங்கேற்ற 1996 ஆய்வு இதைச் சோதித்துப் பார்த்தது. ஆண்டுக்கணக்கில் ஜோடியாகக் கூண்டில் வாழ்ந்த நாய்களைப் புதிய அறையில் விட்டபோது கார்டிசால் ஏறியது. கூண்டுத் தோழன் பக்கத்தில் இருந்தும் ஏறியது. தினம் கவனித்துக்கொண்ட பராமரிப்பாளர் கூட இருந்தபோதுதான் ஏறவில்லை. காப்பகங்களைப் பற்றி நான் படித்தவற்றில் மிகவும் பாதித்தது இந்த முடிவு. இன்னொரு ஆய்வில், அறிமுகமில்லாத ஒருவர் 15 நிமிடம் அருகில் உட்கார்ந்து தடவிக்கொடுத்ததற்கே நாய்களின் இதயத் துடிப்பு தணிந்தது.

அப்படியானால் நாயை ஒரு ராத்திரி வீட்டுக்கே கூட்டிப்போனால்? லிசா கன்ட்டர், எரிக்கா ஃபோயர்பேக்கர், கிளைவ் வின் ஆகியோர் அமெரிக்காவில் ஐந்து காப்பகங்களின் 207 நாய்களை வைத்து இதைப் பார்த்தார்கள். முடிவு 2019-இல் வெளியானது. ஊசி குத்துவதே கார்டிசாலை ஏற்றிவிடும் என்பதால் இங்கே ரத்தத்துக்குப் பதில் சிறுநீர். நாய் காலைத் தூக்கும் நேரம் பார்த்து, நீளமான கைப்பிடியில் பொருத்திய கிண்ணத்தைச் சத்தமில்லாமல் நீட்டுவது இந்த வேலைக்கு வழக்கமான முறை. நிறையத் தண்ணீர் குடித்த நாயின் சிறுநீர் நீர்த்திருக்கும்; எனவே கார்டிசாலைத் தனியாக அளக்காமல், உடம்பு ஏறக்குறைய சீராக வெளியேற்றும் கிரியாட்டினினோடு ஒப்பிட்டுக் கணக்கிடுவார்கள்.

ஓரிரு இரவு ஒரு வீட்டில் தங்கியபோது கார்டிசால் இறங்கியது. இடையில் விழிக்காமல் நீண்ட நேரம் ஓய்வெடுத்தன. திரும்பக் கொண்டுவந்து விட்டால் ஏமாற்றத்தில் இன்னும் மோசமாகிவிடுமே என்ற கவலை பலருக்கு இருந்தது. அப்படி ஆகவில்லை. கார்டிசால் பழைய அளவுக்குத் திரும்பியதே தவிர அதைத் தாண்டவில்லை. பின்னர் 51 காப்பகங்களில் நடந்த பெரிய ஆய்வில், சில மணி நேரம் வெளியே போய்வந்த நாய்கள் தத்துப் போகும் வாய்ப்பு ஏறக்குறைய 5 மடங்காகவும், ஓரிரு இரவு வெளியே தங்கியவற்றுக்கு ஏறக்குறைய 14 மடங்காகவும் இருந்தது. சாதுவான நாய்களையே ஊழியர்கள் வெளியே அனுப்பியிருக்கலாம் என்பதால் அந்த எண்களை அப்படியே விழுங்கிவிடக் கூடாது. ஆனாலும் போக்கு தெளிவு. வெளியே போன நாய்க்குக் கதை இருக்கிறது: காரில் அமைதியாக வந்தது, குழந்தையோடு ஒட்டிக்கொண்டது, பூனையைப் பார்த்ததும் பின்வாங்கியது. கூண்டிலிருந்து இந்தத் தகவல் எதுவும் வராது.

தத்தெடுப்பவர்கள் எதைப் பார்த்து முடிவெடுக்கிறார்கள் என்பதையும் அலெக்சாண்ட்ரா புரோட்டோபோபோவா ஃபுளோரிடாவில் கவனித்துக் கணக்கெடுத்தார். கூண்டைவிட்டு வெளியே எடுத்து ஒரு நாயோடு அவர்கள் செலவிடும் நேரம் சராசரியாக 8 நிமிடம். முடிவோடு பொருந்தியவை இரண்டே செயல்கள்: அருகில் வந்து படுப்பது, விளையாடக் கூப்பிட்டால் வருவது. அன்று முழுவதும் கூண்டில் அடைபட்ட நாய், வெளியே விட்டதும் அந்த 8 நிமிடத்தையும் மூலை மூலையாக மோப்பம் பிடிப்பதில் கழித்துவிடும், இவர்கள் கிளம்பிவிடுவார்கள். அதனால் சந்திப்புக்கு முன் நடக்கவிட்டு, பிடித்த பொம்மை எது என்று கண்டுபிடித்து, குட்டைக் கயிற்றில் வந்தவர் பக்கத்தில் உட்காரவைத்துப் பார்த்தார்கள். தத்து இரண்டரை மடங்கு ஆனது. நாய் மாறவில்லை, சந்திப்பு மட்டும்தான் மாறியது.

நம் ஊரில் நிலைமை கொஞ்சம் வேறு. சென்னையில் கேப்டன் சுந்தரம் 1959-இல் தொடங்கிய ப்ளூ கிராஸ், பிடித்துக் கருத்தடை செய்து பிடித்த இடத்திலேயே விடும் முறையை 1960-களிலேயே ஆரம்பித்தது. தெருநாய்ப் பெருக்கத்தைக் கட்டுப்படுத்த மத்திய அரசு கொண்டுவந்த 2023 விதிகளின் அடிப்படையும் அதுதான். 2025 நவம்பரில் உச்ச நீதிமன்றம், பள்ளி, மருத்துவமனை, பேருந்து நிலையம் போன்ற இடங்களின் நாய்களைக் காப்பகங்களுக்கு மாற்றச் சொன்னது. தெருவையே வீடாகக் கொண்ட நாய்க்கு மனிதத் துணை அதே அளவு ஆறுதல் தருமா என்பதை அமெரிக்க வீட்டு நாய்களை வைத்துச் சொல்லிவிட முடியாது. ஆனால் அதன் அட்ரீனல் சுரப்பியும் அதேபோல்தான் வேலை செய்கிறது. புதிதாகக் கட்டுபவர்கள் கூண்டுகளை எதிரெதிரே வைக்காமல், ஒளிந்துகொள்ள ஒரு பெட்டியும் ஓசையை உறிஞ்சும் கூரையும் வைத்தால் அந்த நாய்களுக்குப் பெரிய உதவி.

வீட்டுக்கு வந்த பிறகும் நாய் மாறிக்கொண்டே இருக்கும். ஒஹாயோவில் தத்துப் போன நாய்களை ஆறு மாதம் பின்தொடர்ந்ததில், தனியே விட்டால் அழும் குணம் நாளடைவில் குறைந்தது. அந்நியர்களைப் பார்த்துச் சீறுவது கூடியது. ஆனாலும் உரிமையாளர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் நாயின் நடத்தை நன்று அல்லது மிக நன்று என்றே சொன்னார்கள். முதல் வாரத்து அமைதியோ முதல் வாரத்து அழுகையோ நிரந்தரம் என்று எண்ண வேண்டாம்.

காப்பகத்துக்குப் போகும்போது கூண்டுக்கு முன்னால் நிற்கும் நேரத்தைக் குறைத்து, தினமும் சோறு வைப்பவரிடம் பேசுங்கள். வந்து எத்தனை நாள் ஆகிறது, கயிற்றில் நடக்கும்போது எப்படி இருக்கிறது, யார் வீட்டிலாவது ஓர் இரவு தங்கியிருக்கிறதா என்று கேளுங்கள். கடைசிக் கேள்விக்கு இல்லை என்று பதில் வந்தால், நீங்களே ஓர் இரவு கூட்டிப்போகலாமா என்று கேட்டுப் பாருங்கள்.